மஸ்டரில் விடுபட்ட பத்தொன்பது நாட்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மில்லில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மூட்டையில் வரும் கொட்டையை மிஷினில் உடைத்து, பருப்பில் கிடக்கும் சொத்தையையும் கல்லையும் பொறுக்கி, மறுபடி மூட்டை கட்டி அனுப்புவார்கள். பொறுக்குவதற்கு முப்பது பெண்கள் இருந்தார்கள். ஆபீஸ் அறையில் முதலாளிக்கு ஒரு மேஜை, எனக்கு ஒரு மேஜை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வருஷம்தான் அப்பா, கண் மங்கியதால், பஸ் கம்பெனி வேலையிலிருந்து நின்றிருந்தார். வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் என்னுடையது. மில்லில் எது நடந்தாலும், இதனால் என் வேலை போகுமா என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு திங்கட்கிழமை காலையில், பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் நடந்து வருகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், மூன்றாவது வயிற்றில். கையில் பெரியாஸ்பத்திரிச் சீட்டை நான்காக மடித்து வைத்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு மாசத்துல பொறந்துடும்னு டாக்டரம்மா சொல்லிச்சு. லீவுல இருந்தாலும் மில்லுல கூலி குடுப்பாங்கன்னு சொல்லிச்சு. நெசந்தானாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்க்கா" என்று சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலாளி சத்தம் போடுகிற மனிதர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். அதனாலேயே அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் எனக்குப் பயம் ஜாஸ்தி. சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சட்டம் இருந்தா குடுத்துத்தான் ஆவணும். இவளுக்கு வருதா, வந்தா எவ்ளோன்னு கணக்குப் போட்டுக் கொண்டாம்மா. தப்பு வராம பாத்துக்க."

அதற்கு முன் மில்லில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பழைய கணக்கைப் பார்த்துப் போடலாம் என்றால், பழைய கணக்கே இல்லை. ஆபீஸ் கதவுக்குப் பின்னால், பேறுகாலச் சட்டத்தின் சுருக்கம் என்று ஒரு தாளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே அதைப் படித்தேன். குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் நூற்றறுபது நாள் அந்த மில்லில் வேலை செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது, லீவு எடுப்பதற்கு முந்தைய மூன்று மாதக் கூலியின் சராசரி. இவ்வளவும் புரிந்தது. கடைசியில் வேலை தரப்படாத நாட்களைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. நாலு தரம் படித்தும் அது மட்டும் பிடிபடவில்லை.

மஸ்டரை எடுத்தேன். யார் எந்த நாள் வந்தார்கள் என்று நான்தான் அதில் குறிப்பேன். அவள் மில்லில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. லீவு எடுக்கும்வரை இனி வரப்போகிற நாட்களையும் சேர்த்து எண்ணினால் நூற்று நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தரம் ஸ்கேலை வைத்து வரி வரியாக எண்ணினேன். அதேதான் வந்தது. பதினோரு நாள் கம்மி.

அவளுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம், வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் லீவே போடாதவள் என்பது எனக்குத் தெரியும். மழையில் முட்டிவரை சேறோடு வந்து நின்றிருக்கிறாள். எங்கே போயின இந்த நாட்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கோடை மாதங்களில்தான் ஆப்சென்ட் கூட்டமாக இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை, முப்பது பேருக்கும் அதே நாட்களில் ஆப்சென்ட்.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கோடையில் கரண்ட் வெட்டு. பெண்கள் எட்டு மணிக்கே வந்து ஷெட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பத்து பத்தரை வரை பார்த்துவிட்டு, மிஷின் பார்க்கிற அண்ணன் வந்து, "இன்னைக்கு வராது, போங்க" என்பார். எழுந்து போவார்கள். வேலை நடக்காத நாள்தானே என்று நான் எல்லோருக்கும் ஆப்சென்ட் போட்டேன். யாரும் என்னை அப்படிப் போடச் சொல்லவில்லை. நானாகப் போட்டது.

அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பாட்டைப் பார்த்துவிட்டு மூடினேன்.

சனிக்கிழமை, அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று பொய் சொல்லி லீவு வாங்கி, வேலூருக்கு பஸ் ஏறினேன். அப்போது வேலூர்தான் எங்களுக்கு ஜில்லாத் தலைநகரம், தொழிலாளர் ஆபீசும் அங்கேதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், தெரிந்த முகம் யாராவது பார்த்து முதலாளியிடம் சொல்லிவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மில் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன். உள்ளே இருந்த அதிகாரி அதைக் கேட்கவே இல்லை.

"வேலைக்கு வந்தவங்கள வேலை இல்லன்னு மில்லுதானே திருப்பி அனுப்புச்சு? அப்ப அது லே-ஆஃப். அந்த நாளும் நூத்தறுபதுல சேரும்" என்றார்.

"ஆப்சென்ட்னு எழுதிட்டேங்க."

"யாரு, நீயா?" கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அழிக்காத. அழிச்சா அது வேற தப்பா ஆயிடும். கீழ செவப்பு மையில திருத்தம் எழுதி, மொதலாளி கையெழுத்து வாங்கு. கரண்ட் இல்லாததுக்கு ஏதாவது ஆதாரமும் வெச்சுக்க. பன்னெண்டு வாரம்னா எண்பத்து நாலு நாள். ஞாயித்துக்கெழமைய கழிக்காத."

கேட்க வேண்டியதைத் தெரிந்துகொண்டேன். திரும்பும் வழியில் போளூர் தாண்டும்வரை முதலாளி கையெழுத்து என்ற சொல் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மிஷின் பார்க்கிற அண்ணன் மோட்டார் ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைப்பார். திங்கட்கிழமை, வேலூர் போய்வந்ததை அவரிடம் மட்டும் சொல்லி, அதைக் கேட்டு வாங்கினேன். எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டில் 'கரண்ட் இல்லை' என்று பத்தொன்பது நாட்கள் இருந்தன. என்னுடைய ஆப்சென்ட் நாட்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். பத்தொன்பதும் பொருந்தின. அப்படியானால் அவளுக்கு நூற்று அறுபத்தெட்டு நாள்.

முதலாளி டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மஸ்டரையும் நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன். என் தப்பிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி, வருதுன்னே வெச்சுக்குவோம். பன்னெண்டு வாரத்துல ஞாயித்துக்கெழமை பன்னெண்டு போயிடுச்சின்னா எழுபத்திரெண்டு நாள்."

"ஞாயித்துக்கெழமைய கழிக்கக் கூடாதுங்க."

"யாரு சொன்னது?"

கதவுத் தாளில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் அப்படி இல்லை, எழுந்து போய்ப் படித்துவிடுவார்.

"வேலூர் ஆபீஸ்லங்க. சனிக்கெழமை போயிருந்தேன்."

"அப்பாவுக்குக் கண்ணு பாக்கணும்னு சொன்ன."

"ஆமாங்க. பொய்தான் சொன்னேன்."

முதலாளி மஸ்டரை மூடித் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். "நான் ஆடிட்டர கேக்கறேன். நீ போய் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு வந்த எட்டு நாட்களும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. தினமும் மாலையில் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே பையை எடுப்பேன். வீட்டில் சொல்லவில்லை. ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் அந்த அக்காவைப் பார்ப்பேன். முறத்தை மடியில் வைக்க இடமில்லாமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கணக்கு முடிந்தால் அவள் இன்னும் சில நாளில் லீவு எடுக்கலாம். முடியவில்லை என்றால் வலி வருகிற நாள்வரை இப்படித்தான் நடந்து வருவாள்.

ஒரு நாள் தண்ணீர்ப் பானைக்கு அருகில் என்னை நிறுத்தினாள்.

"எனக்கோசரம் வேலூரு போயி வந்தியாமே, மிஷின்காரரு சொன்னாரு. உனக்கு எதுனா ஆயிடப் போவுதும்மா. வராட்டி போவுது, வுட்டுடு."

"உங்களுக்கோசரம் மட்டும் போவலக்கா. தப்பா எழுதினது நான்தான்" என்றேன்.

அவளுக்கு அது சரியாகப் புரிந்ததா, தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் முதலாளி கூப்பிட்டார். டிராயரிலிருந்து மஸ்டர் வெளியே வந்திருந்தது.

"திருத்தம் எழுது. இவ பேருக்கு மட்டும். முப்பது பேருக்கும் எழுதினா, அந்த பத்தொன்பது நாளுக்குக் கூலி குடுன்னு நாளைக்கு வந்து நிப்பாங்க."

அப்படி யாரும் கேட்க முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"கரண்ட் எல்லாருக்குந்தானே போச்சுங்க. ஒருத்தருக்கு மட்டும் எழுதினா, இன்ஸ்பெக்டர் பாக்கறப்போ நாமளா சேத்து எழுதினாப்பல தெரியும்."

அவர் பேனாவைத் திருகித் திருகி மூடினார். கடைசியில், "எழுதிக் கொண்டா" என்றார்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் எழுதினேன். முதல் பக்கத்தில் மை சிந்தியது. அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எண்பத்து நாலு நாளும் ஒப்புக்கொண்டார். ஆடிட்டரும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு வாரத்துக்கானதை முன்னதாகவே வாங்கிக்கொண்டு அக்கா லீவில் போனாள். குழந்தை, டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே பிறந்தது. பெண் குழந்தை. அவள் புருஷன் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தபோது, தேதி மாறியதால் கணக்கே மாறிவிடுமோ என்று எனக்குப் பழைய பயம் வந்தது. கதவுத் தாளை மறுபடி படித்துவிட்டு, பிறந்த பின் ஆறு வாரம் குறையாது என்று உறுதி செய்துகொண்டேன். மறுநாளே மீதியையும் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். என் வேலையும் போகவில்லை. வேலூருக்குப் போனதைப் பற்றி முதலாளி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த அறுவடை முடிந்து புதிதாக ஆள் எடுத்தபோது, மிஷின் பார்க்கிற அண்ணனிடம் அவர் சொன்னதை என் மேஜையிலிருந்தே கேட்டேன்.

"கல்யாணம் ஆயி ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள இருக்கற பொண்ணுங்கள எடுக்காத. கொஞ்சம் வயசானவங்களா பாரு."

வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேரின் தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கியிருக்கவில்லை. அண்ணன் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஆள் போதும் என்று சொல்லி அனுப்பினார். எனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் அடுத்த மாதம். குனிந்து, எடுத்தவர்களின் பெயர்களை மட்டும் மஸ்டரில் எழுதினேன்.