தொப்பி கழற்றாத கிளெம்

தண்ணீர் லாரியை நிறுத்திய பின்னும் கிளெம் ராட்ஃபோர்ட் உடனே இறங்குவதில்லை. முதுகுக்குப் பின்னே தொட்டியில் அலையும் நீர் அடங்கட்டும் என்று, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்மூடிக் காத்திருப்பார். அந்நேரம் கோதுமைத் தாள்களின் மேல் கானல் எழுந்து, வறண்ட உப்பேரியை மறுபடியும் ஏரியாக்கிக் காட்டும்.

விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில், மழை பொய்த்த பண்ணைகளுக்கெல்லாம் அவரே மேகம். உறங்கும்போதன்றித் தொப்பியைக் கழற்றாதவர். நலம் விசாரிப்பவர் யாராயினும் ஒரே விடைதான்: "பரவாயில்லப்பா, ஓடுது." அவ்வட்டாரத்தில் எல்லோருக்குமே விடை அதுதான். சென்ற கோடையில் பண்ணைக்காரன் நெவில் டங்கியும் தன் இரும்பு வாயிற்கதவில் சாய்ந்தபடி அதையே சொன்னான். இவரும் தலையசைத்து, தண்ணீரை இறக்கிவிட்டுக் கிளம்பினார். அன்று மாலையே நெவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

அதன்பின் கிளெமின் கனவில் லாரி ஓடிக்கொண்டே இருக்கிறது. தொட்டி தளும்புகிறது, அந்த வாயிற்கதவு மட்டும் வருவதேயில்லை.

மனைவி மொரீன் பிடித்த பிடியில், மருத்துவரின் பரிந்துரையோடு உளவியலர் ஃபிலிப்பாவிடம் போகத் தொடங்கினார். கட்டணத்தில் பாதிக்குமேல் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திருப்பித் தருகிறது. அது இல்லையென்றால், டீசலா பேச்சா என்ற கேள்விக்கு அவ்வீட்டில் டீசலே வெல்லும். ஐந்து அமர்வுகளை மழையைப் பற்றியே பேசிக் கழித்தார்.

"அரசாங்கம் காசு குடுக்குறது நீ வானிலை வாசிக்கிறதுக்கா?" என்றாள் மொரீன்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் கேட்டுக்குது."

ஆறாம் அமர்வில்தான் நெவிலின் பெயர் வாயில் வந்தது. வந்தபோது நேரம் முடிந்திருந்தது.

ஆறு அமர்வுகள் முடிந்தால் மருத்துவர் மறுபடி பார்த்து, இன்னும் தேவை என்று எழுத வேண்டும். எழுதினால்தான் அடுத்த அமர்வுகளுக்குப் பணம் திரும்பும். மருத்துவரைப் பார்க்கக் கிளம்பிய காலை மொரீன் லாரிப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லு. அங்கயும் போயி உன் பழைய பல்லவியப் பாடாத."

"நான் என்ன சின்னப் புள்ளயாடி?"

மருத்துவர் ஹாலரன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எப்படிய்யா இருக்க, கிளெம்?"

"பரவாயில்ல டாக்டர், ஓடுது."

"கேக்கவே சந்தோஷமா இருக்கு. அப்போ ஃபிலிப்பாகிட்ட போறத இதோட நிறுத்திக்கலாமா?"

"நிறுத்திக்கலாம்."

எழுந்தார், கைகுலுக்கினார், கதவின் பிடியைப் பற்றினார். சன்னல் வெயிலில் காய்ந்திருந்த அந்த இரும்பு, நெவிலின் வாயிற்கதவைப் போலவே உள்ளங்கையைச் சுட்டது. எங்கோ பின்னால் தொட்டி நீர் அலையும் ஓசை. அடங்கட்டும் என்று வழக்கம்போல் கண்மூடி நின்றார். அது அடங்கவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார். தொப்பியைக் கழற்றி, மருத்துவரின் மேசைமேல் மல்லாத்தி வைத்தார். வெயிலே படாத அந்த நெற்றி, குழந்தையினுடையதுபோல் வெளுத்திருந்தது.