தங்கையின் கையில் என் தூக்கம்

“எப்படிக் கேட்டிருந்தா நீங்க உண்மையைச் சொல்லியிருப்பீங்க?”

ஒரு செவிலியர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

போன தை மாதம். தலைப்பிரசவம் முடிந்து, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டில் இருந்தேன். சம்பா அறுவடை நேரம். காலையில் எனக்குச் சமைத்து வைத்துவிட்டு வயலுக்குப் போனால் அம்மா மதியம்தான் வருவார். துணைக்கு, கல்லூரி விடுமுறையில் வந்திருந்த என் தங்கை.

கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. பிரசவம் பார்த்த தஞ்சாவூர் மருத்துவமனையில், பிள்ளை பெற்றவர்களை வீட்டில் இருக்கும்போதே கண்காணிக்கும் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கேட்டார்கள், சேர்ந்தேன். கடிகாரம் போல் ஒரு கைப்பட்டை கொடுத்தார்கள். இரவும் பகலும் கட்டியிருந்தால் நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் அது குறித்துக்கொள்ளும். தினமும் காலையில் பிரஷர் மெஷினால் ஒரு முறை அளக்க வேண்டும். எல்லாம் என் செல்போனில் இருந்த செயலி வழியாக ஆய்வுக் குழுவுக்குப் போய்விடும். நன்றாக இருந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

அந்தச் சிவப்புதான் என்னைப் படுத்தியது. பள்ளியில் ஒரு மார்க் குறைந்தாலும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள் நான். பிள்ளை மணிக்கொரு தரம் விழித்து அழ, என் தூக்கம் தினமும் சிவப்பு. உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று யாரோ தினமும் எழுதிக் காட்டுவது போல் இருந்தது.

ஒருநாள் பட்டையைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினேன். “ராத்திரிக்கு மட்டும் நீ போட்டுக்கடி. நீதான் இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டியே.”

“வயலுக்குத்தான் ஆள் வைப்பாங்க. தூங்குறதுக்கு ஆள் வைக்கிறது நீதான்க்கா” என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

மறுநாள் பச்சை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பிரஷர் நூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி அளக்கும்படி செயலி சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஓசூரில் வேலை பார்க்கும் கணவர் லீவு போட்டு வருகிறார். இப்போது ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிட்டால்? பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிட்டால் பாலுக்கு என்ன செய்வது? கால் மணி நேரம் இதையே யோசித்தேன். பிறகு மெஷினைத் தங்கையின் கையில் சுற்றினேன். நூற்றுப் பன்னிரண்டு. பச்சை.

அடுத்த மூன்று நாளும் அவள் கைதான். எனக்குத் தலை வலித்துக்கொண்டே இருந்தது. தூக்கமில்லாத வலி என்று நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொண்டால் வசதி என்று இருந்தேனா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக் குழுவில் இருந்த அந்தச் செவிலியர் ஃபோன் செய்தார்.

“என்னம்மா, ராத்திரி ஏழு மணி நேரம் அசையாம தூங்கியிருக்கீங்க?”

“ஆமா சிஸ்டர்.”

“பிள்ளை?”

“அதுவும் தூங்கிடுச்சு.”

“இருபது நாள் பிள்ளையா? என்ன மந்திரம் போட்டீங்க? நான் ரெண்டு பெத்தவ, எனக்குத் தெரியாமப் போச்சே.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“தலைவலி, கண்ணு மங்குற மாதிரி ஏதும் இருக்கா?”

“இல்ல சிஸ்டர்.” அதைச் சொல்லும்போது என் கை நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணி வாக்கில் வாசலில் அந்தச் செவிலியரின் ஸ்கூட்டி நின்றது. வழியெல்லாம் அறுவடை, புடவையெல்லாம் வைக்கோல் தூசு. அவ்வளவு தூரம் வந்தவர் எதையும் விசாரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். தங்கையின் கையில் கழற்ற மறந்த பட்டையையும் பார்த்தார். அவள் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் என் கையில் மெஷினைச் சுற்றினார். நூற்று எழுபத்திரண்டு. மறு கையிலும் அளந்தார். அதேதான்.

“பிள்ளையை எடுத்துக்கங்க. அம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்.”

“ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் சிஸ்டர்…”

“அதை அடுத்த வாரமும் வைக்கலாம். பிள்ளைக்கு அம்மா இருக்கணும்ல?”

ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். யாரும் பிள்ளையைப் பிரிக்கவில்லை. என் கட்டிலிலேயே கிடந்தது. இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் செவிலியரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். முதலில் என் இரவுகள், கோடு ஏறி ஏறி இறங்கியது. பிறகு தங்கையின் இரவுகள்.

“இது பரம்படிச்ச வயல் மாதிரி மேடு பள்ளமே இல்லாம இருக்கு. பிள்ளை பெத்தவ ராத்திரி இப்படி இருக்காது. செயலி பச்சைன்னுதான் காட்டுச்சு, எனக்குத்தான் மனசு ஒப்பல.”

அந்த நாட்களை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். வேறொருவர் அணிந்திருந்தது என்று பக்கத்தில் குறித்துவைப்போம், அழித்தால் எங்களுக்கும் புத்தி வராது என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்தச் செயலி ஒரு கம்பெனி பூட்டி வைத்திருப்பது அல்ல. திறந்த மூல மென்பொருள். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள். இந்தக் குழுவினர் அதைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டவர்கள்தான். ஒரே மாதத்தில், தாய்மார் பார்க்கும் திரையிலிருந்து பச்சையையும் சிவப்பையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ‘வந்து சேர்ந்தது, நன்றி’ என்று மட்டும் வருகிறது. அவசரமென்றால் அவர்களே கூப்பிடுகிறார்கள். இந்தத் திருத்தத்தையும் மற்ற மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் போட்டுவிட்டார்கள். தப்பாக எழுதிய மாணவியைத் திட்டாமல் கேள்வித்தாளைத் திருத்தியவர்களை என் வாழ்க்கையில் அங்கேதான் பார்த்தேன்.

நான் வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்து ஞானஸ்நானம் நடந்தது. அழைத்தும் செவிலியரால் வர முடியவில்லை. மாலையில் செல்போனில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘காலையில் நாடி கொஞ்சம் வேகமாக இருந்தது. பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றிய நேரமா?’

ஆமாம், அந்த நேரம்தான். பட்டை என் கையில்தான் இருந்தது.

செயலியில் சேர்க்க ஒரு கேள்வியை என்னையே எழுதித் தரச் சொன்னார். ‘நேற்று பட்டை உங்கள் கையில் இருந்ததா?’ என்று எழுதினேன். அன்றைய நானாக இருந்தால் யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தியிருப்பேன். ‘வேறு யாராவது அணிந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்’ என்று சேர்த்தேன். இப்போது அதுதான் இருக்கிறது. அதற்கும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். இயந்திரமும் மென்பொருளும் என் உயிரைக் காக்கத் தயாராகத்தான் இருந்தன. பயத்தில் இருப்பவளிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது மட்டும், அந்த நிலையில் இருந்த எனக்கே தெரியவில்லை.

நல்ல அம்மா என்று பெயர் எடுப்பதற்காக உடம்பின் கஷ்டத்தை மறைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம் யார், எந்த வார்த்தைகளில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்? ஒரு வரி எழுதினால் போதும். அதை அந்தச் செவிலியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.