நாற்பத்திரண்டு தலைகளும் அப்பாவின் தலையும்

காலை ஏழு மணிக்கு நான் சீனாவில் இருப்பேன். கால்கள் மட்டும் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், எங்கள் வீட்டுக் குசினி மேசைக்குக் கீழே இருக்கும். மடிக்கணினியைத் திறந்தால் அங்கே பிற்பகல். ஓர் ஆரம்பப் பள்ளி வகுப்பறைச் சுவரில் என் முகம் பெரிதாக விழும். நாற்பத்திரண்டு பிள்ளைகள் மேசையிலேயே தலைவைத்து மதியத் தூக்கம் போட்டுவிட்டு, கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்புத் தடத்தோடு என்னைப் பார்ப்பார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தையும் கன்னத்தையும் விரலால் அழுத்துவார்கள். கண்பார்வைக்கான பயிற்சியாம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் நான் இரண்டு தோசையை உள்ளே தள்ளிவிடுவேன்.

நான்தான் அவர்களுடைய வெளிநாட்டு ஆங்கில ஆசிரியை. முதல் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். முடிவில், பெற்றோரை வகுப்பில் உட்காரவைத்து ஒரு பாடம் எடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளி அதிபர் எனக்கு வேலையைத் தருவார். சுப்பர்மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு இதில் குதித்திருந்தேன். அப்பாவுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

“லண்டன் டீச்சர் எண்டா அவங்கள் ஒரு வெள்ளைக்காரியைத்தான் பாத்துக்கொண்டு இருப்பாங்கள். தாய்தேப்பன்மார் உன்ர முகத்தைக் காணட்டும், அண்டையோட வேலை முடிஞ்சுது,” என்றார்.

“அதையும் பாப்பமே,” என்றேன். அவருடைய கோபம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

ஆனால் வகுப்பு நன்றாகப் போகவில்லை. சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப்பெண், படத்தைப் பார்த்துக் குதிரை என்று சரியாகவே சொல்வாள். நான் பூரித்துப்போவேன். அவளோ முகம் சுருங்கி, “கழுதை?” என்பாள். மற்றவர்களும் அப்படித்தான். சரியாகச் சொல்வதும், என்னைப் பார்ப்பதும், உடனே பதிலை மாற்றுவதும். எனக்கு விசர் பிடிக்கும். நாளாக நாளாக உயரும் கைகள் குறைந்தன. சிவப்புக் கண்ணாடிக்காரி கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். இரண்டு மாதம் ஓடிவிட்டது. அப்பா சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் பாடம் முடிந்த பிறகு, அங்கே வகுப்பில் நிற்கும் உதவி ஆசிரியை என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுக்காரி. அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

“சீனி காணுமோ?”

தலையாட்டினேன்.

“மத்தியானம் புட்டு அவிக்கட்டோ?”

தலையாட்டினேன்.

“மீனும் வாங்கியரட்டோ?”

அதற்கும் ஆட்டினேன். அம்மா சந்தோஷமாகப் போனார்.

திரையில் உதவி ஆசிரியையின் முகம் வாடியிருந்தது. “பாவம் உங்கள் அம்மா. எதைக் கேட்டாலும் வேண்டாம், வேண்டாம் என்கிறீர்களே.”

“நானா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றல்லவா சொன்னேன்!”

அவள் என்னைப்போலவே தலையை ஆட்டிக் காட்டி, “இது ‘இல்லை’தானே? வகுப்பில் உச்சரிப்புப் பிழை என்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்,” என்றாள். ஐயோ! தோளுக்குத் தோள் சரியும் எங்கள் தலையாட்டல் அந்த ஊரில் ‘இல்லை’! இரண்டு மாதமாக, சரியான பதில் ஒவ்வொன்றுக்கும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். வயிறு நோகச் சிரித்தோம். சிவப்புக் கண்ணாடிக்காரியை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளை இதை எப்படித் தாங்கியதோ!

அன்றிலிருந்து கண்ணாடியின் முன்னால் நின்று, கோழி கொத்துவதுபோல மேலும் கீழுமாகத் தலையசைத்துப் பழகினேன். “கழுத்துப் பிடிச்சிட்டுதோ பிள்ளை? எண்ணெய் பூசிவிடட்டோ?” என்று அம்மா பின்னாலேயே வந்தார். எங்கள் வீட்டில் வாயைவிடத் தலைதான் அதிகம் பேசும். அப்பா வாய் திறந்து ‘ஓம்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தலை கொஞ்சம் சரிந்தால் அதுதான் சம்மதம். இந்த வேலைக்கு மட்டும் அது சரியவில்லை.

பெற்றோர் வரும் நாளும் வந்தது. வகுப்பின் பின்வரிசைகளில் அவர்கள். முன்னால் குறிப்புப் புத்தகத்தோடு அதிபர், சிரிப்பென்றால் என்னவென்று கேட்கும் முகம். இங்கே கமராவில் படாத மூலையில் அப்பா, தேத்தண்ணி போடுகிறாராம். அரை மணி நேரமாகத் தேத்தண்ணி போட்டார்.

தலையைக் கட்டிவைத்ததில் என் குரலும் விறைத்துப்போயிற்று. இரண்டு மூன்று கைகள்தான் உயர்ந்தன. அதிபர் ஏதோ எழுதினார். கடைசியாக, அப்டன் பார்க் தமிழ்க்கடையில் வாங்கிவந்த பாகற்காயைத் தூக்கிக் காட்டி, இது எப்படியிருக்கும் என்று கேட்டேன்.

சிவப்புக் கண்ணாடிக்காரி எழுந்து நின்றாள். “கசக்கும். ஆனால் எனக்குப் பிடிக்கும்.”

எல்லாம் மறந்துபோயிற்று. என் தலை தன்பாட்டில் ஆடியது, தோளுக்குத் தோள், தாராளமாக. போச்சு, எல்லாம் போச்சு என்று அப்படியே உறைந்தேன்.

அவள் பதிலை மாற்றவில்லை. என்னையே பார்த்தாள். மெல்லத் தலையைச் சரித்து ஆட்டினாள். பக்கத்திலிருந்தவன் ஆட்டினான். பிறகு நாற்பத்திரண்டு தலைகளும் ஆடின! உதவி ஆசிரியை ஓரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் டீச்சர் வீட்டில் ‘மிக நன்று’ என்பதை இப்படித்தான் சொல்வார்கள் என்று முந்தினநாளே அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள், கள்ளி. பெற்றோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தகப்பன் தானும் ஆட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. மகள் ஓடிவந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

அதிபர் புத்தகத்தை மூடினார். அவர் சொன்னதை உதவி ஆசிரியை ஆங்கிலத்தில் சொன்னாள்: “அடுத்த தவணையும் நீங்கள்தான். கழுத்தை இனி அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டாமாம்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திரும்பிப் பார்த்தேன். அப்பா கையில் ஆறிப்போன கோப்பையோடு என் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றார். கமராவில் விழுவது தெரியாமல் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் கொஞ்சம் சரிந்தது.

சீனாவிலிருந்து சிவப்புக் கண்ணாடிக்காரிதான் கத்தினாள்: “டீச்சர், அவர் யெஸ் சொல்கிறார்!”