இருபது பேருக்கும் ஒரே விடை

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தவே நேரம் போதாது. கெஞ்சிக் கேட்டு, ஆய்வுக்கென்று ஒரேயொரு வாரம் லீவு வாங்கினேன்.

முசலிக் கரையில் மீனவர் இருபது பேரிடம் வினாத்தாள் கொடுத்தேன். வகுப்புப் பழக்கத்தில், “ஒரு மணித்தியாலம் இருக்கு. கதைக்காமல் எழுதுங்கோ” என்றும் சொல்லிவிட்டேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே வயது, இரண்டு வள்ளம். கலியாணமாகாதவருக்கும் ஐந்து பிள்ளைகள். லீவில் மிச்சம் இரண்டே நாள். கரைக்கு ஓடிப்போய் அவர்களிடமே கேட்டேன்.

“வள்ளச் சொந்தக்காரர், எங்கட சம்மாட்டியார், படிச்சவர், மிஸ். ஒருத்தரும் பெயிலாகக் கூடாதெண்டு அவற்ற தாளைப் பார்த்து எழுதினனாங்கள்.”

இப்போது வினாத்தாள் கொண்டுபோவதில்லை. வள்ளத்தடியில் இருந்து, கதையோடு கதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் எழும்பும்போது, “எனக்கு எத்தனை மார்க்ஸ், மிஸ்?” என்று கேட்காதவர் குறைவு.