'உம்' கொட்டியதற்காக ஒரு ஃபெயில்

சமீபத்தில் ஒரு பெண்ணை ஃபெயில் ஆக்கினார்கள். காரணம் — அடுத்தவர் பேசும்போது அவர் 'உம்' கொட்டினாராம்.

சிரிக்காதீர்கள். பாடத்தின் பெயரைச் சொன்னால் இன்னும் அதிகம் சிரிக்க வேண்டியிருக்கும். 'கேட்கும் கலை.'

ஆறு வார ஆன்லைன் வகுப்பு. முடித்தால் சான்றிதழ். நான் எப்படி அதில் மாட்டினேன்? "ஊரெல்லாம் பேட்டி எடுக்கறீங்க. வீட்டுல நான் வாயைத் திறந்தா மட்டும் பேப்பரைத் திறக்கறீங்க" என்று சொல்லி, என் மனைவி என் பெயரைப் பதிவு செய்துவிட்டார். நான் ஆட்சேபித்தேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

எங்கள் குழுவில் நான்கு பேர். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் விக்னேஷ். கண்ணமங்கலத்துக்காரரான பாஸ்கரன் — மருந்துக் கம்பெனியில் ஏரியா மேனேஜர். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்கள், 'சார் நாங்கள் சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை' என்று மேலிடத்துக்கு மெயில் போட, கம்பெனி அவரை இந்த வகுப்பில் தள்ளியது. அப்புறம் நான். அப்புறம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து அஞ்சலை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது பின்னால் தெரியும்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்தச் சான்றிதழ் வந்தால் சுவரில் மாட்டலாம். அஞ்சலைக்கு அதுதான் வேலை. மலையில் ஒரு பள்ளி விடுதியில், வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளைகளிடம் பேச ஓர் ஆள் தேவை. பன்னிரண்டாவது படித்திருந்து, கூடவே இந்தச் சான்றிதழும் இருந்தால் போதும். கிடைக்காவிட்டால்? கணவர் ஏற்கெனவே இருக்கிற திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அஞ்சலையும் போக வேண்டும். பிள்ளைகள் இருவரையும் அதே விடுதியில் விட வேண்டும். வீட்டு நினைப்பில் அழுகிறவர்களின் எண்ணிக்கை இரண்டு கூடும்.

வகுப்பை நடத்தியவர் ரம்யா மேடம். இனிமையானவர். முதல் நாளே விதிகளைச் சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை மியூட்டில் போட வேண்டும். கேமரா ஆனில் இருக்க வேண்டும். தலையாட்டலாம். மனதைத் தொட்டால் திரையில் ஓர் இதயம் விடலாம்.

முதல் வாரம் எல்லோரும் 'மனம் திறந்து' பேச வேண்டும் என்றார். அஞ்சலையின் முறை வந்தது.

"எங்க வூட்டுக்காரரு மொத மொத திருப்பூரு போனப்போ..." என்று ஆரம்பித்தார். நன்றாகத்தான் போனது. நான்கைந்து வாக்கியத்தில் நின்றுவிட்டது.

"ஹலோ... லைன்ல கீறீங்களா?"

"இருக்கோம் அஞ்சலை. பேசுங்க."

இன்னும் இரண்டு வாக்கியம்.

"மேடம், கேக்குதுங்களா?"

"நல்லாவே கேட்குது. ஃப்ரீயா பேசுங்க."

"யாருமே ஒண்ணும் சொல்லலீங்களே மேடம். செவுத்துகிட்ட பேசறாப்புல கீது."

திரையில் மூன்று இதயங்கள் மிதந்தன. அஞ்சலை அதோடு முடித்துக்கொண்டார். அந்த வாரம் அவருக்கு வந்த குறிப்பு: 'மனம் திறக்கத் தயங்குகிறார்.'

மற்றவர்கள் பேசும்போது வேறு பிரச்சினை. அஞ்சலையின் மைக் எப்போதும் ஆனில் இருக்கும். "உம்... உம்... அய்ய... அப்புறம்?" கூடவே கோழிச் சத்தம். "யாரோ அன்மியூட்ல இருக்கீங்க, பேக்ரவுண்ட் நாய்ஸ் வருது" என்று ரம்யா மேடம் அங்கிருந்தே அவர் வாயை அடைத்துவிடுவார். கேட்பதைச் சொல்லித் தருகிற வகுப்பில், கேட்கிற சத்தத்துக்குப் பெயர் இரைச்சல்.

அஞ்சலையைக் குறை சொல்ல முடியுமா? போனில் எதிர்ப்பக்கம் சத்தமில்லை என்றால் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? 'ஹலோ... ஹலோ...' என்று போனை உலுக்குகிறோம். நாலு பேர் வாயை மூடிக்கொண்டு நம்மையே உற்றுப் பார்த்தால், நம் ஊரில் அதற்குப் பெயர் கேட்பது இல்லை — விசாரணை.

கடைசி வாரம் தேர்வு. இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து எதையாவது கால் மணி நேரம் பேச வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்கிறவருக்குத்தான் மார்க். மார்க் போடுவது மனிதர் இல்லை, சாஃப்ட்வேர். அதில் திருப்தி இல்லாதவர்கள் முறையிட்டால், மூன்று பேர் கொண்ட குழு வீடியோவை முழுதாகப் பார்க்கும். ஆனால், பேசியவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும். அவருடைய சொந்தக் கதை அல்லவா?

எனக்கு ஜோடி விக்னேஷ். நான் பேச, அவர் கேட்டார். என்ன ஒரு கவனம். கண்ணை எடுக்கவில்லை. அளவாகத் தலையாட்டினார். நடுவில் ஒருமுறை மூக்கைச் சொறிந்தார். சற்று நேரம் கழித்து இன்னொரு முறை. மூன்றாவது முறை சொறிந்தபோதுதான் கவனித்தேன் — அதே விரல், அதே பக்கம், பின்னால் அதே காலண்டர் அதே மாதிரி ஆடியது. பையன் தான் தலையாட்டுவதை முன்பே வீடியோ எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கிறான்.

தெரிந்த பிறகு நான் நிறுத்தினேனா? இல்லை. மீதி நேரமும் பேசினேன். நான் பேசி அவ்வளவு நன்றாக யாரும் கேட்டதில்லை.

முடிவு வந்தது. விக்னேஷுக்கு முழு மதிப்பெண். அஞ்சலைக்கு: 'பேசுபவரைத் தொடர்ந்து இடைமறிக்கிறார். தேர்ச்சி இல்லை.'

அஞ்சலையின் குரல் பதிவு வாட்ஸப் குழுவில் வந்தது. "மேடம், நான் குறுக்கால பேசலீங்க. உம்தான் கொட்டுனேன். மனுசங்க யாராவது முழுசாப் பாக்கட்டும் மேடம்."

பாஸ்கரன் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார் மேடம். அஞ்சலையிடம் பேசிய ஜோடி அவர்தான். பாஸ்கரன் செய்தியைப் பார்த்துவிட்டார். நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் விழவில்லை.

மறுநாள் எனக்குப் போன் செய்தார்.

"சார், நான் அதுல கொஞ்சம் அதிகமா பேசிட்டேன் சார்."

"எவ்வளவு அதிகம்?"

"வூட்டு விஷயம் சார். கெணத்துல நீச்சல் கத்துகினதத்தான் சொல்லலாம்னு போனேன். அந்தம்மா உம் உம்முன்னு கேக்க கேக்க, கெணறு எங்கயோ போயி, பேச்சு எங்கயோ வந்துடுச்சி. அத மூணு பேரு உக்காந்து பாக்கறதுன்னா... வேணாம் சார்."

"அப்ப அஞ்சலைக்கு வேலை?"

"அதான் சார், போன்ல சொல்ல மனசு வரல. நேர்ல போயி சொல்லிட்டு வந்துடலாம். நீங்களும் வாங்க."

மறுப்பதைக்கூட மரியாதையாக, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் மறுக்கிறவர் பாஸ்கரன். ஞாயிற்றுக்கிழமை போளூர் வழியாக மலை ஏறினோம். வழி நெடுக ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு புது மாதிரி 'முடியாது'.

அஞ்சலையின் வீட்டு வாசலில் புளி குவிந்து கிடந்தது. அவரும் அவருடைய நாத்தனாரும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணா, வாங்க சார். குந்துங்க. போன்ல பாத்ததவிட ஒசரமா கீறீங்கண்ணா" என்றார் பாஸ்கரனிடம். டீ வந்தது. பாஸ்கரன் ஆரம்பித்தார்.

"நான் இன்னா சொல்ல வர்றேன்னாம்மா..."

"உம்."

"ஒனக்கு ஒதவக் கூடாதுன்னு இல்ல."

"உம்."

"ஆனா எம் பொண்ணு விஷயத்த வெளியாளுங்க கேட்டா நல்லா இருக்காது பாரு."

அஞ்சலையின் கை நின்றது. "ஒங்க பொண்ணுக்கு இன்னாண்ணா?"

பாஸ்கரன் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அன்னிக்குத்தானம்மா சொன்னேன். கால் மணி நேரம்."

"கோச்சிக்காதீங்கண்ணா" என்றார் அஞ்சலை. "அன்னிக்கு டவரு சரியில்ல. கெணறு வரைக்கும் நல்லா வந்துச்சி. அதுக்கப்புறம் துண்டு துண்டா... பொண்ணுன்னு ஒண்ணு வந்துச்சி, கதவுன்னு ஒண்ணு வந்துச்சி. ஒங்க கொரலு மட்டும் ஒரு மாதிரி ஆயிடுச்சி. அந்த நேரத்துல போயி ஹலோ ஹலோன்னா ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னு, உம் கொட்டிகினே இருந்துட்டேன்."

"அது அப்டித்தாங்க" என்றார் நாத்தனார். "மாடு கத்துனாகூட உம் கொட்டும்."

நியாயமாகப் பார்த்தால் விக்னேஷ் செய்ததும் அஞ்சலை செய்ததும் ஒன்றுதான் — இருவரும் கேட்கவில்லை, கேட்பதுபோல் காட்டினார்கள். ஆனால், ஒருவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர் டவர் இல்லாத போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வித்தியாசத்துக்கு சாஃப்ட்வேரில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

சரி, பாஸ்கரனுக்கு நிம்மதிதானே? ரகசியம் பத்திரமாக இருக்கிறது. டீயைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் மனுஷர் முகம் விழுந்துவிட்டது. யாரும் கேட்கக் கூடாது என்று சொல்ல மலையேறி வந்தவருக்கு, யாருமே கேட்கவில்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

"அப்ப ஒரு வார்த்தகூட கேக்கலியா?" என்றார்.

"இப்ப சொல்லுங்கண்ணா. இங்க டவரு தேவையில்ல" என்று அஞ்சலை மறுபடி புளியை எடுத்தார்.

சொன்னார். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் ஆசைப்பட்டது ஒரு படிப்பு, இவர் சேர்த்தது இன்னொன்று. அன்றிலிருந்து இவரிடம் அவள் பேசுவது 'சரிப்பா', 'சாப்பிட்டேன்பா' — அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும் தினமும் சாயங்காலம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பார். வேலை முடிந்து வரும் பாஸ்கரன், சமையல்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம், பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்பார்.

"உள்ள போனா அவ நிறுத்திடுவா. அவ சிரிக்கறத அப்டித்தான் கேக்கறேன்" என்றார்.

அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்காதவர் என்று கம்பெனி அனுப்பி வைத்த ஆள் இவர்தான்.

அவர் பேசி முடிக்கும்வரை இரண்டு பெண்களும் மாற்றி மாற்றி உம் கொட்டினார்கள். கொட்டையும் எடுத்தார்கள். நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப நீங்களும் தெனமும் மியூட்டுலதான் கீறீங்கன்னு சொல்லுங்க."

ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வகுப்பைக் கேட்டவர் அல்லவா. பாஸ்கரன் சிரித்துவிட்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ரெக்கார்டிங்கு கெடக்கட்டும் வுடுங்கண்ணா" என்றார் அஞ்சலை. "திருப்பூரு ஒண்ணும் வெளிநாடு இல்ல. புள்ளைங்கதான்... அதுங்களும் பழகிக்கும்."

குரலில் வருத்தம் காட்டாமல் சொன்னார். கை மட்டும், ஏற்கெனவே கொட்டை எடுத்த புளியையே எடுத்துத் தடவிக்கொண்டிருந்தது.

"சும்மா இரும்மா" என்று எழுந்தார் பாஸ்கரன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போய், ஒரு மேட்டில் நின்றார். நானும் பின்னாலேயே போயிருந்தேன்; என் போனில் வாட்ஸப் குழுச் செய்தி வந்தது: 'எனக்குச் சம்மதம். முழுதாகப் பாருங்கள்.'

இறங்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எழுதறதுன்னா பேரை மாத்திடுங்க சார். எம் பொண்ணு பத்திரிகை படிக்கும்." கொஞ்ச தூரம் போய், "கண்ணமங்கலம்னு வேணும்னா போட்டுக்குங்க" என்றார்.

போட்டுவிட்டேன்.

மூன்று பேர் குழு வீடியோவைப் பார்த்தது. மனிதர்கள் அல்லவா, மார்க்கும் போட்டார்கள், புத்திமதியும் சொன்னார்கள்: 'தேர்ச்சி. பேசுபவர் நம்பிப் பேசுகிறார். ஆனாலும் ஓசையின்றிக் கேட்கப் பழக வேண்டும்.'

அஞ்சலை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதல் நாள் எப்படி இருந்தது என்று போனில் கேட்டேன். மூணாங் கிளாஸ் பெண் ஒருத்தி, விடுதிக்கு வந்ததிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவள், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்தாளாம். விளக்கு வைக்கும்வரை ஓயவில்லையாம்.

"அவ்வளவு நேரம் கேட்டா காது வலிக்காதாம்மா?"

"காதுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்கு வாய்தான் வலிக்குது."