கழுகுக்குச் சொன்ன சாட்சி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கழுகு என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர். பட்டப்பெயர் என்றாலே பாதி கேலிதான், ஆனால் இது மரியாதைக்கு வைத்த பெயர். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவுகிற மனிதர், விடுமுறை நாளில் ஏரிக்கரைக்கு வந்துவிட்டால் போதும், மற்றவர்கள் பைனாகுலரை உறையிலிருந்து எடுப்பதற்குள் "அதோ, ரெண்டாவது கிளை, இலைக்குப் பின்னாடி பாரு" என்று கையை நீட்டிவிடுவார். நீட்டிய இடத்தில் பறவை இருக்கும். இல்லாமல் போனதே கிடையாது.

நண்பர்களில் ஒருவர் மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர். இன்னொருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டிரைவர், வயதில் கொஞ்சம் சின்னவர். வருடத்தின் முதல் நாள் மூவருக்கும் போட்டி தொடங்கும், கடைசி நாள் முடியும். யார் அதிக வகைப் பறவைகளைப் பார்த்தாரோ அவர் ஜெயித்தவர். பரிசு என்ன தெரியுமா? அடுத்த வருடம் முழுக்க டிரைவருடைய பழைய காரில் முன் சீட்டு. தோற்றவர் பின்னால் தொலைநோக்கியின் முக்காலியை மடியில் சுமந்துகொண்டு வரவேண்டும். டிரைவர் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஸ்டியரிங்தான். "நல்லா வச்சீங்கய்யா போட்டி" என்று ஒவ்வொரு வருடமும் அலுத்துக்கொள்வார்.

போட்டிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தனியாகப் பார்த்த பறவை செல்லாது. கூட இருப்பவர்களில் ஒருவராவது அதைப் பார்த்து, "சாட்சி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று பேருமே இந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னதில்லை. ஒருமுறை அரைகுறையாகப் பார்த்த ஓர் உள்ளான் பறவைக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று மருந்துக்கடைக்காரர் மறுத்து, அன்று மாலைவரை காரில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வந்தார்கள்.

இத்தனை கூர்மையான கண் இருந்தும் கழுகு ஒரு வருடம்கூட ஜெயித்ததில்லை. பார்த்ததை மறைத்துவைக்கத் தெரியாது. தான் கண்டதையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார், அது மூவர் கணக்கிலும் ஏறிவிடும். மருந்துக்கடைக்காரரோ கடை திறப்பதற்கு முன்னால் டிரைவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு எங்காவது சதுப்பு நிலத்துக்குப் போய் நாலு பறவை கூடுதலாகச் சேர்த்துவிடுவார். "ஊருக்கெல்லாம் பந்தி போட்டுட்டு நீங்க இலையை எடுக்கற ஆளு" என்று கழுகின் மனைவி சிரிப்பாள். அவளே விடியலில் எழுந்து ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுப்பாள். வாசல்வரை வந்து, "மேலேயே பார்த்துட்டு நடக்காதீங்க, கீழ குழி இருக்கும்" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்காமல் அவர் காரில் ஏறியதில்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு கழுகு பைனாகுலரைத் தொடவில்லை. வேலைக்குப் போவார், வருவார், மகள் போட்டதைச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்து உட்காருவார். புது வருடம் பிறந்த அன்று நண்பர்கள் இருவரும் வீட்டு வாசலில் வந்து, தெருவே எழுந்துகொள்ளும்படி ஹாரன் அடித்தார்கள். மகள்தான் அவர் கையில் ஃபிளாஸ்க்கைத் திணித்து அனுப்பினாள்.

அந்த வருடம்தான் கழுகுக்கு யோகம் அடித்தது.

முதலில் ஒரு பருந்து. ஏரிக்கு நடுவே பட்டமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. தொலைநோக்கியில் வலது கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "டேய், இது நம்ம குப்பைமேட்டுப் பருந்து இல்லடா. வால்ல பிளவே இல்ல, பாரு. பூனைப்பருந்து!" என்றார். அவள் போனதற்கப்புறம் அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பு வந்தது. மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார். பிறகு, "சாட்சி" என்றார்.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புருவத்தில் வெள்ளைக் கோடு இல்லாத வாலாட்டி. இறக்கையில் பட்டை இல்லாத ஈப்பிடிப்பான். மற்றவர்கள் கண்ணில் படாத நுணுக்கமெல்லாம் தன் கண்ணில் படுகிறதே என்று அவருக்கே வியப்பாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நண்பர்கள் தயங்கித் தயங்கிச் சாட்சி சொன்னார்கள், தங்கள் கணக்கில் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தத் தயக்கத்தைப் பொறாமை என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ந்துகூடப் போனார் மனிதர். வருடக் கடைசியில் கழுகுதான் முதல். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைக் கீழே இறக்கி, வெளியே பார்த்தபடி அழுதார். அவள் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வீட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. வலது பக்கக் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொண்டார். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். வேலையிடத்தில் ஒரு போல்ட்டை முடுக்காமல் விட்டுவிட்டு, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அம்மா நினைப்பில் இருக்கிறார் என்று மகள் முதலில் விட்டுவிட்டாள். ஒருநாள் படியில் சறுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோதுதான் கையோடு கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் பரிசோதித்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றார். வலது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது.

"போனது இனிமே திரும்பாது சார். இருக்கறதைக் காப்பாத்தலாம், சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா வலது கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம். பார்வையில ஓட்டை விழுந்ததே தெரியலையா?"

"ஓட்டையா? அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. எல்லாம் முழுசாத்தான் தெரிஞ்சுது."

"அது அப்படித்தான் சார். கறுப்பா ஒண்ணும் தெரியாது. தெரியாத இடத்தைச் சுத்தி இருக்கறதை வச்சு மூளையே ரொப்பிடும். கூட இருக்கறவங்க யாராவது கவனிச்சுச் சொல்லியிருக்கணும்."

கழுகுக்குக் கோபம் வந்தது. "நான் பறவை பார்க்கறவன்மா. போன வருஷம் மூணு பேர்ல நான்தான் முதல். கண்ணு கெட்டிருந்தா முடியுமா? ஒவ்வொண்ணுக்கும் சாட்சி இருக்கு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பறவைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வாலில் பிளவு இல்லை. புருவத்தில் கோடு இல்லை. இறக்கையில் பட்டை இல்லை. எல்லாமே இல்லை, இல்லை, இல்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையிலிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போனார். மருந்துச் சீட்டைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். மருந்துக்கடைக்காரர் சீட்டை எடுத்துப் படித்துக்கொண்டே அலமாரிப் பக்கம் திரும்பியவர், அங்கேயே நின்றுவிட்டார். அந்தச் சொட்டு மருந்து எதற்கு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தினமும் விற்கிறார்.

"யாருக்குடா இது?"

"எனக்குத்தான். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தப் பருந்துக்கு வால்ல பிளவு இருந்துச்சா?"

மருந்துக்கடைக்காரர் சீட்டை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"இருந்துச்சாடா?"

"இருந்துச்சு."

"வாலாட்டிக்கு?"

"எல்லாத்துக்கும் இருந்துச்சுடா. எல்லாமே நாம தினமும் பார்க்கற சாதாப் பறவைங்கதான்."

"அப்புறம் எந்த வாயால சாட்சி சொன்ன?"

"வேற என்ன செய்யச் சொல்ற? அவங்க போனதுல இருந்து செத்த பொணம் மாதிரி இருந்த. அந்தப் பருந்தைப் பார்த்துத்தான் சிரிச்ச. சரி, ஒரு வருஷமாவது ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டுச் சும்மா சொல்றான், சொல்லிட்டுப் போகட்டும்னு நானும் டிரைவரும் விட்டுட்டோம்."

கழுகு கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்களா?"

"மன்னிச்சிடுடா. கண்ணு விஷயம்னு தோணவே இல்ல. உனக்குப் போய் கண்ணு போகும்னு யாருடா நெனப்பா?"

மருந்துக்கடைக்காரர் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கழுகுக்கு அழுகை வரவில்லை. கண் போனதைக்கூட விதி என்று ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. கூடப் படித்தவன் தன்னைப் பொய்யன் என்று நினைத்ததையும், நினைத்ததைச் சொல்லாமல் பாசம் காட்டியதையும்தான் ஏற்க முடியவில்லை. ஒரே ஒருமுறை "போடா, புளுகாதே" என்று சண்டை போட்டிருந்தால் போதும். அவரும் விட்டுக்கொடுக்காமல் நின்றிருப்பார், யார் கண் சரி என்று பார்க்க டாக்டரிடமே போயிருப்பார்கள்.

அடுத்த விடுமுறைக்கு டிரைவர் வழக்கம்போல ஹாரன் அடித்தார், ஆனால் ஒரே தரம், மெதுவாக. கழுகு பின் கதவைத் திறந்து ஏறி முக்காலியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அண்ணே, முன்னாடி வாங்க" என்று டிரைவர் எவ்வளவோ கெஞ்சினார். மருந்துக்கடைக்காரரும் மறுபக்கமாகப் பின்னாலேயே ஏறினார். முன் சீட்டு காலியாகவே போனது.

ஏரிக்கரையில் கழுகு தொலைநோக்கியில் இடது கண்ணை வைத்தார். பழகாத கண், இமை துடித்தது. வெகுநேரம் தேடிய பிறகு நாணல் ஓரத்தில் ஒன்று அகப்பட்டது. நீல முதுகு, நீண்ட அலகு.

"மீன்கொத்திதானே?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே, சாட்சி" என்றார் டிரைவர். "சாட்சி" என்றார் மருந்துக்கடைக்காரர். இரண்டு பேரும் தொலைநோக்கியில் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழுகு மறுபடியும் குனிந்தார். நீல முதுகு அங்கேயே இருந்தது. இருப்பதாகத்தான் தெரிந்தது. பருந்தைப் பார்த்தபோதும் இதே குரலில்தான் சாட்சி சொன்னார்கள்.

"கணக்குல சேர்க்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, மனைவி எப்போதும் சொல்வது நினைவுக்கு வந்தவராய்த் தரையைப் பார்த்துப் பார்த்துக் காருக்குத் திரும்பி நடந்தார்.