மஸ்கட்டிலிருந்து வந்த மாமா

தளவாய்க்கு மஸ்கட் ஓட்டலில் கொடுத்தது முப்பது நாள் லீவு. அதில் அவன் வீட்டில் இருந்தது நாலே நாள். மிச்ச இருபத்தாறு நாளும் எங்கே போயிற்று என்று நாச்சியாரிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் கேட்டவர் பாடுதான் திண்டாட்டம்.

நாச்சியார் வலியசாலையில், கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில், இரண்டு அறைகளில் குடியிருக்கிறாள். சாலைக் கடைத்தெருவில் சேஷன் என்பவர் நடத்தும் துணிக்கடைக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கிற இந்த மலையாளத்து ஊரில் மே மாதம் என்றால் என்ன என்று தையல்காரிக்குத்தான் தெரியும். அந்த மே மாதம் பார்த்துத்தான் தளவாய்க்கு லீவு கிடைத்தது. புருஷன் இரண்டரை வருஷம் கழித்து வருகிறான், இதில் மாதம் பார்க்க முடியுமா? வரட்டும் என்று அவளும் ஆசையாகத்தான் இருந்தாள்.

அவன் பரோட்டா மாஸ்டர். மகள் தன்ஷிகாவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது விமானம் ஏறியவன். அன்றிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு, அங்கே மதிய வியாபாரம் முடிந்து கொஞ்சம் மூச்சு விடுகிற நேரத்தில், வீடியோவில் வருவான். நாச்சியார் ஃபோனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்து, “அப்பா பாரு, அப்பாக்கு முத்தம் குடு” என்பாள். பிள்ளை கண்ணாடி முழுக்க எச்சில் பண்ணி முத்தம் கொடுக்கும். சோறு தின்னும்போது அப்பாவுக்கும் ஒரு வாய் ஊட்டும். ரசம் இறங்கியே ஒரு ஃபோன் செத்தது. ஆனாலும் பிள்ளை அப்பாவை மறக்கவில்லை என்பதில் நாச்சியாருக்கு அத்தனை பெருமை. அப்பா வேறு எங்கேயோ இருக்கிறார், இது அவர் முகம் மட்டும்தான் என்று ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

விமான நிலையத்தில், தள்ளுவண்டியில் இரண்டு பெட்டியோடு வெளியே வந்தவனைக் காட்டி, “யாரு வந்திருக்கா பாரு?” என்று கேட்டாள். பிள்ளை அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தது. அம்மாவின் கழுத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு, “மாமா” என்றது.

கூட வந்திருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். தளவாயும் சிரித்தான். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நாச்சியாரின் காதோரம் சொன்னான். “பரவால்லட்டி. திரும்பிப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது அப்பான்னு கூப்பிட வச்சிருதேன் பாரு. அது போதும் எனக்கு.”

அதை முன் சீட்டில் இருந்த அவனுடைய அக்கா கலைச்செல்வி கேட்டுவிட்டாள். அங்கே பிடித்தது சனி. “அதொண்ணும் சாரமில்ல தளவா, கவலப்படாத” என்று திரும்பினாள். “பிள்ளைய நாலு எடத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போ. தானா ஒட்டிக்கிடும். நான் பிளான் போடுதேன்.”

கலைச்செல்வி பிளான் போட்டாள் என்றால் அதில் அவள் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், மாமியார், கீழ் வீட்டுப் பெண் என்று எல்லோரும் இருப்பார்கள். ஒரு ஆள் அப்பா ஆவதற்குப் பதினான்கு சீட் வேன் வேண்டியிருந்தது. பிஜி என்கிற டிரைவர் அந்த மாதம் முழுக்க வேறு சவாரி தேடவில்லை.

முதலில் மிருகக்காட்சிசாலை. திங்கட்கிழமை போனார்கள். திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பது இந்த ஊரில் பிறந்த குஞ்சு குளுவானுக்கும் தெரியும், கலைச்செல்விக்குத் தெரியவில்லை. பூட்டிய கேட்டின் முன்னால் ஆளுக்கொரு ஐஸ்க்ரீம் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் மறுபடியும். நீர்யானைக் குளத்தின் முன்னால் தளவாய் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளப் பார்த்தான். அது உடம்பை விறைத்துக்கொண்டு நழுவி இறங்கி, அம்மாவின் கைப்பையை இழுத்தது.

“அம்மா, ஃபோன் தா. அப்பாக்கு ஹிப்போ காட்டணும்.”

தளவாய் பக்கத்தில்தான் நின்றான். கையில் பிள்ளையின் தண்ணீர் பாட்டில். நாச்சியார் எரிச்சலில் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழுதது. “பச்சப் பிள்ளைய எதுக்கு அடிக்கே?” என்று கலைச்செல்வி வாரி எடுத்துக்கொண்டு போனாள். பார்க்கப் போனால் அந்த மாதம் முழுவதும் பிள்ளை அதிகம் ஒட்டியது அத்தையிடம்தான்.

பிறகு சங்குமுகம், வேளி, பொன்முடி, கன்னியாகுமரி. இடையிடையே சொந்தக்காரர் வீடுகள். வளைகுடாவிலிருந்து வந்தவன் ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த லீவு வரைக்கும் ஓடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவர்: ஒரு பாதாம் பாக்கெட், ஒரு தைல பாட்டில், ஒரு சோப்பு. கவர் கட்டியதும் நாச்சியார்தான். போகிற இடத்துக்கெல்லாம் மாற்றுடுப்பு, வெந்நீர், பிஸ்கட், பிளாஸ்டிக் பை என்று மூட்டை சுமந்ததும் அவள்தான். வீட்டுக்கு வந்தால் வெட்டி வைத்த பினோஃபார் துணி மூலையில் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. புருஷனோடு தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடிக்க நேரமில்லை. இதற்குப் பெயர் லீவாம்.

நாச்சியாரின் சித்தப்பா திரவியம் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறார். அவர் வீட்டையும் விட முடியாது. அந்த மலைப் பாதையில் வேன் ஏறி இறங்கிய குலுக்கலில் பிள்ளை மூன்று தடவை வாந்தி எடுத்தது, மூன்றும் நாச்சியாரின் சேலையில். அட்டை கடித்து கலைச்செல்வியின் மாமியார் கத்திய கத்தலுக்கு மலையே அதிர்ந்திருக்கும். சித்தப்பா வீட்டில் காபி குடித்து முடிப்பதற்குள் பிஜி வந்து வாசலில் நின்றான். “சேட்டா, மழை வருது. இனி நின்னா இறங்கான் பாடு கேட்டோ.” மலை இறங்குவது கஷ்டமாகிவிடுமாம். போன காரியம் அதோடு முடிந்தது. நாலு மணி நேரப் பயணம், இருபது நிமிஷ உறவு.

பதினெட்டாம் நாள் திருச்செந்தூரில் முதல் மொட்டை. அப்பா வரட்டும் என்று இத்தனை நாள் தள்ளிப் போட்டு வைத்திருந்த மொட்டை. அங்கேயும் மடி தாய்மாமனுக்குத்தான், அதுதான் முறை. நாச்சியாரின் அண்ணன் தாணு நாகர்கோவிலிலிருந்து வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். தளவாய்க்குக் கொடுத்த வேலை வீடியோ எடுப்பது. தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. கையை நீட்டி, “அப்பா! அப்பா!” என்று கதறியது.

தளவாய் ஆடிப் போய்விட்டான். ஃபோனைப் பிடித்தபடியே ஓடி வந்து மண்டி போட்டு, “அப்பா இங்க இருக்கேன் மக்கா, அப்பா வந்துட்டேன்” என்றான். பிள்ளை அவன் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அதனிடம் அழுதது. சவரக் கத்தியோடு நின்றவர்கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பாட்டுப் போடவில்லை. நாச்சியாருக்குத் தன்மேல்தான் ஆத்திரம். அந்தக் கண்ணாடிச் சில்லை அப்பா என்று சொல்லிக் கொடுத்தவள் அவள் அல்லவா? நாகர்கோவில் தாண்டும்வரை கலைச்செல்விகூட வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் திறந்தாள். “நீ மொட்ட மாடில போயி வீடியோ கால் போடு. பேசிக்கிட்டே இறங்கி வா. பிள்ளைக்குப் புரிஞ்சிரும்.”

அதையும் செய்து பார்த்தார்கள். மறுநாள் நாலு மணிக்குத் தளவாய் மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டான். பிள்ளைக்கு முகமெல்லாம் பல். பதினெட்டு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டியது. “அப்பா, எனக்கு மொட்ட. அப்பா, நான் ஹிப்போ பாத்தேன். அப்பா, வீட்ல ஒரு மாமா வந்துருக்கு. போவே மாட்டிக்கி.”

தளவாய் பேசிக்கொண்டே படி இறங்கி வந்து முன்னால் நின்றான். பிள்ளை ஃபோனைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அன்று மாலை முழுக்க அழுகை. அதற்குப் பிறகு ஃபோனை எடுத்தாலே அம்மாவின் பின்னால் ஒளிந்தது. தளவாய் மொட்டை மாடிக்குப் போய் ரொம்ப நேரம் இறங்கி வரவே இல்லை.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. மறுபடியும் வேளி, மறுபடியும் கடற்கரை, ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு. இருபத்தாறாம் நாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர், “அலைச்சல்தான், மூணு நாளு எங்கயும் கொண்டு போக வேண்டாம்” என்றார். நாச்சியார் அவரை மனதுக்குள் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் சேஷன் ஃபோனில். “நாச்சியார், ஸ்கூல்காரா நித்யம் கூப்பிடறா. நான் என்னன்னு பதில் சொல்றது? உன்னால முடியலேன்னா சொல்லிடு, வேற ஆளுக்குக் குடுத்துடறேன்.” வீட்டில் உட்கார்ந்தால் நடக்காது, கடையின் பின்னறையில் மிஷின் போட்டுத் தருகிறேன், மூன்று நாள் உட்கார்ந்து முடித்துக் கொடு என்றார். விட்டால் அடுத்த வருஷ வேலையும் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துக் கலைச்செல்வி, பிள்ளைக்குச் சரியானதும் ஆக்குளம் ஏரிக்குப் போகலாம் என்று ஆள் அனுப்பினாள். நாச்சியார் வெடித்துவிட்டாள்.

“ஒங்க அக்கா வேன் பிடிச்சா, நீங்க ஏறி ஒக்காந்தீய. ஒரு நாளாவது இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டிருக்கியளா? கால் கழுவி விட்டிருக்கியளா? ஊரெல்லாம் சுத்திக் காட்டுனா அப்பான்னு கூப்பிட்ருமா? அப்படின்னா பிஜியத்தான் அப்பான்னு கூப்பிடணும்!”

தளவாய் தரையைப் பார்த்தபடி சொன்னான். “எனக்கு அவகிட்ட என்ன பேசணும்னே தெரியலட்டி. ஃபோன்லன்னா நீ பக்கத்துல இருந்து எடுத்துக் குடுப்ப. தனியா இருக்கப் பயமா இருக்கு. அதான் அக்கா கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போனேன்.”

நாச்சியார் மருந்துச் சீசாவை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

முதல் நாள் கடையிலிருந்து கூப்பிட்டபோது பின்னால் ஒரே அழுகைச் சத்தம். இரண்டாம் நாள் தளவாய் ஃபோனையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள், கடைசி பினோஃபாருக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அடுக்களைத் தரை முழுக்க மைதா. தளவாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மொட்டைத் தலையில் மாவோடு தன்ஷிகா, எண்ணெய் சொட்டும் ஒரு உருண்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“மாமா, வீசு” என்றாள். அவன் வாங்கி வீசினான். மாவு விசிறியாக விரிந்தது. அவள் கெக்கலித்தாள். “இன்னும், மாமா. இன்னும்!”

நாச்சியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு வந்தது கோபம். இருபத்தாறு நாளும் இந்த அடுக்களை இங்கேதானே இருந்தது? மைதா கீழ்க்கடையில்தானே விற்றது? நாளைக் காலையில் விமானம்.

“இன்னும் மாமான்னுதான் சொல்லுதா” என்றான் தளவாய், அவளைப் பார்த்ததும். “சாரமில்ல. என்னமும் கூப்பிடட்டும்.” குரல் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

காலை பத்து மணி விமானம். வேன் நிறைய ஆள். உள்ளே போகும் வாசலில் பிள்ளை அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. “மாமா, நானும் வாரேன். மாமா!” என்று தொண்டை கிழியக் கத்தியது. தளவாய் உள்ளே போனபின் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் விமானம் ஏறியிருக்க மாட்டான்.

“பாத்தியா?” என்றாள் கலைச்செல்வி, வேனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நாலு எடத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போனதுனாலதான் பிள்ளை இப்படி ஒட்டுச்சு.” நாச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. ஓட்டல் தொப்பியோடு தளவாய். நாச்சியார் பழையபடி ஃபோனைப் பிள்ளைக்கு நேரே பிடித்தாள். “அப்பா பாரு. அப்பாக்கு முத்தம் குடு.”

தன்ஷிகா பார்த்தாள். ஃபோனை ஒரு கையால் தள்ளினாள். “இது வேண்டா.”

“மக்கா, அப்பா பேசுதேன்ட்டி” என்றது ஃபோன்.

“வேண்டா!” அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். மாவுப் பாத்திரத்தைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு குளியலறைக் கதவைத் தட்டுகிற சத்தம். “அப்பா?” பதில் இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். “அப்பா, வெளிய வா.” மொட்டை மாடிப் படியில் நின்று, வீதிக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். “அப்பா! மாவு வீச வா!”

இனி இந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? ஃபோனில் தளவாய் தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நாச்சியார் ஃபோனை வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டு போனாள்.

“வைக்காத நாச்சி” என்றான். “அவ கூப்பிடுதா. ஃபோன அந்தப் பக்கம் பிடி.”